பத்துப் பேர் சேர்ந்தால்தான் குப்பி திறக்கும்: தமிழ்நாட்டுக் கொரோனா தடுப்பூசி சேவைக்கு ஒரு மதிப்புரை

கொரோனா தடுப்பூசிக்குத் தயங்கியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே வாட்ஸ்அப் வதந்தியில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறோம். வதந்தி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2021 ஜனவரி 16 முதல் நடந்ததை ஒரு சேவையாக எடுத்து, ஊசி, பதிவு, வரிசை, விளக்கம், விலை என்று பிரித்துப் பார்த்தால், வந்தும் போடாமல் திரும்பிப் போனவர்கள் கண்ணில் படுகிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் 'தயங்குகிறவர்கள்' என்று கணக்கெழுதினோம்.

முதலில் குப்பி. கோவிஷீல்டு குப்பியில் 5 மில்லி மருந்து, ஆளுக்கு 0.5 மில்லி, ஆக 10 டோஸ். ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கிய நிமிடத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் அத்தனையும் போட்டு முடிக்க வேண்டும். செவிலியர் திறந்த நேரத்தைக் குப்பி மேலேயே பேனாவால் எழுதி வைப்பார். நேரம் தாண்டினால் மிச்சம் குப்பைக்குத்தான். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இது ஒரு விஷயமே இல்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை பத்து மணிக்கு ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். "இன்னும் நாலு பேர் வரட்டும், குப்பியைத் திறந்துடலாம்" என்று செவிலியர் சொல்வார். எட்டாவது ஆள் வருவதற்குள் முதலில் வந்தவர் களத்து வேலைக்கு எழுந்து போயிருப்பார். நாள் முழுக்க யோசித்து, வீட்டில் சண்டை போட்டு, அரை மனதோடு வந்தவரிடம் "நாளைக்கு வாங்க" என்றால் நாளைக்கு அந்த அரை மனதும் இருக்காது.

திறந்தாலும் தலைவலி. 2021 ஏப்ரலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளிவந்த கணக்கில், டோஸ் வீணானதில் தமிழ்நாடு 12.10 சதவீதத்தோடு முதலிடம். ஆள் வராததால் வீண், வீணாகிவிடுமோ என்று திறக்காததால் ஆள் வரவில்லை என்று இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போயின. அதே மாநிலம் சில மாதங்களில் கணக்கைத் திருப்பிப் போட்டது. குப்பியில் உற்பத்தியாளர் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பியிருப்பார். 0.5 மில்லியில் தானாக நின்றுவிடும், மறுபடி பயன்படுத்த முடியாத சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் நிதானமாக உறிஞ்சினால் பதினோராவது டோஸும் கிடைக்கும். நம் செவிலியர்கள் அதை எடுத்தார்கள். கைத்திறனுக்கு முழு மதிப்பெண்.

வரிசைப் பிரச்சினைக்கு மருந்து இன்னும் எளிது. கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் முந்தின நாள் சாயங்காலமே தெருவாரியாகப் பத்துப் பெயர், பத்து போன் நம்பர் எழுதிக்கொண்டு, காலையில் ஒரே நேரத்துக்கு வரச் சொல்வது. கூடவே இரண்டு மாற்றுப் பெயர். இப்படிச் செய்தால் திறந்த குப்பி அரை மணி நேரத்தில் காலியாகும்.

தடுப்பூசிக்கு முன்பதிவு செய்யும் அரசு இணையதளமான கோவின் பாதி நன்மை, பாதி தொல்லை. ஒரு நம்பரில் நான்கு பேர், ஓடிபி, பிறகு ஊசி போடும் இடத்தில் சொல்ல வேண்டிய நான்கு இலக்கக் குறியீடு. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2021 மே 1-ல் திறந்தபோது ஆன்லைன் முன்பதிவு கட்டாயம். அரசு மையங்களில் நேரடியாக வரலாம் என்ற தளர்வு மே 24-ல்தான் வந்தது. ஜூன் தொடக்கத்தில் மாநில மொழிகளைச் சேர்த்தபோது முதலில் தமிழை விட்டுவிட்டார்கள். சத்தம் கிளம்பிய பிறகு சேர்த்தார்கள். அதே ஜூனில்தான் பயம் தெளிந்து கூட்டம் திரண்டது. மையங்களின் வாசலில் 'தடுப்பூசி இருப்பு இல்லை' என்ற அட்டை தொங்கியதும் அப்போதுதான்.

விலையைப் பொறுத்தவரை அரசு மையங்களில் இலவசமாகப் போட்டார்கள். தனியாரில் 2021 ஜூனில் நிர்ணயித்த உச்ச விலை கோவிஷீல்டுக்கு 780 ரூபாய், கோவாக்சினுக்கு 1,410 ரூபாய். "காசு கொடுத்துப் போடுற ஊசி நல்ல ஊசி" என்ற நினைப்பும் இதனால் கொஞ்சம் பரவியது. இரண்டு இடத்திலும் ஒரே மருந்துதான்.

ஊசி போட்ட பிறகு 30 நிமிடம் உட்கார வைப்பது இந்தச் சேவையின் நல்ல அம்சம், அதோடு வீணடித்த அம்சமும். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் காத்திருப்பு. பல இடங்களில் அதை யாரும் சொல்லவில்லை. சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பத்தாவது நிமிடத்தில் எழுந்தவர்கள் ஏராளம். அந்த அரை மணியில் சொல்லியிருக்க வேண்டியது நான்கே வரி: இன்று ராத்திரி காய்ச்சல், உடம்புவலி வரலாம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும், பாரசிட்டமால் போடலாம், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். முதல் தவணை கோவிஷீல்டுக்குக் காய்ச்சல் சகஜம். முன்கூட்டிச் சொன்ன வீட்டில் அது 'ஊசிக் காய்ச்சல்'. சொல்லாத வீட்டில் 'ஊசி போட்டு வந்த நோவு'. தெருவில் பரவுவது இரண்டாவது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது இரண்டு நாள் சம்பளமும் கூட. அவர் தள்ளிப்போட்டதை அறியாமை என்று எழுதியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள்.

சேவையின் மோசமான பகுதி விளக்கம். 2021 ஜனவரி 3-ல் கோவாக்சினுக்கு அனுமதி கொடுத்தபோது மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவுகள் வரவில்லை. 'கிளினிக்கல் டிரையல் முறையில்' என்று போட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். ஆரம்பத்தில் மருத்துவப் பணியாளர்களே தயங்கியதில் வியப்பில்லை. டாக்டர் போடாத ஊசியை ஊர் போடாது. கோவிஷீல்டின் இடைவெளி முதலில் 28 நாள். மார்ச் 22-ல் 6 முதல் 8 வாரம், மே 13-ல் 12 முதல் 16 வாரம். இடைவெளி கூடினால் எதிர்ப்புச் சக்தி நன்றாக உருவாகிறது என்பதற்கு ஆதாரம் இருந்தது. ஆனால் கையிருப்பு தீர்ந்த சமயத்தில் அறிவித்தால், "மருந்து இல்லாததை மறைக்கிறாங்க" என்றுதான் டீக்கடை சொல்லும்.

நடிகர் விவேக் விஷயத்தில் இது உச்சத்துக்குப் போனது. மக்கள் பயம் தெளிய வேண்டும் என்று ஏப்ரல் 15-ல் ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு வந்து கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ல் மரணம். இதய ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம் என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறையும் உடனே சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் குழு 'தற்செயலாக நேர்ந்தது' என்று முடிவு செய்த தகவல் அக்டோபரில்தான் வெளியே வந்தது. நடுவில் ஆறு மாதம், ஒரு முழு இரண்டாம் அலை. கோவிஷீல்டு போட்ட சிலருக்கு அரிதாக ரத்தம் உறைந்த பிரச்சினையில் இதே குழு நன்றாகச் செய்தது. மே மாதம் 26 சாத்தியமான நேர்வுகள், 10 லட்சம் டோஸுக்கு 0.61 என்று எண்ணைச் சொல்லி, 20 நாள் வரை மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், விடாத தலைவலி, ஊசி போட்ட இடத்தைத் தாண்டித் தோலில் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள் வந்தால் உடனே வரச் சொன்னது. அந்தக் குறிப்பு தமிழில் அச்சாகி ஒவ்வொரு மையத்தின் சுவரிலும் இருந்திருக்க வேண்டும். 2017-ல் தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கு இதே மாநிலத்தில் வதந்தி கிளம்பி முகாமை நீட்டிக்க வேண்டி வந்ததே, அது ஒரு ஒத்திகை மாதிரி.

கடைசியாக மெகா முகாம்கள். சேவை தானாக ஆளிடம் போனது இங்கேதான். 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, 40,000 இடங்கள், 20 லட்சம் இலக்கு. 28 லட்சத்தைத் தாண்டியது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு என்று நடந்து போகும் தூரத்தில் ஊசி வந்ததும் 'தயக்கத்தில்' பெரும்பங்கு கரைந்தது. கோவளத்தில் ஒரு தொண்டு நிறுவனம் ஜூனிலேயே பிரியாணியும் குலுக்கல் பரிசும் வைத்து மீனவர் குப்பத்தில் ஆளைக் கொண்டுவந்தது. சிரித்தார்கள், வேலை நடந்தது.

அக்டோபரில் முகாமை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றியது இந்தச் சேவை செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம். ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அப்படி ஒரு மருத்துவத் தடை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை எதிர்த்து எந்தப் பிரசாரமும் ஜெயிக்காது. வாதாடாமல் கிழமையை மாற்றினார்கள். நீலகிரியில் வேறு வழி: தடுப்பூசிச் சான்றிதழ் காட்டினால்தான் டாஸ்மாக்கில் சரக்கு. ஊசி போட்டால் குடிக்க முடியாதே என்று ஒதுங்கி நின்றவர்கள், குடிப்பதற்காகவே ஊசி போட்டு, அந்தக் காகிதத்தைக் கவுண்டரில் நீட்டினார்கள்.