750 வாட் எஸ்எம்பிஎஸ் இருந்தும் கேபிள் சூடேறியது: 3080 உடன் கிட்டத்தட்ட மூன்று வருட அனுபவம்

2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். கிரிப்டோ மைனிங் அடங்கி கார்டு விலை ஒருவழியாக இறங்கியிருந்த நேரம். எனக்குக் கேம் இரண்டாம்பட்சம்தான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வீட்டு உட்புறக் காட்சிகளை ரெண்டர் செய்து, அதாவது படமாக்கிக் கொடுப்பது தொழில், அதனால் கார்டு ராத்திரி முழுக்க முழு லோடில் ஓடும். குடியிருப்பது மயூர் விஹாரில் ஒரு பர்சாத்தி. டெல்லியில் மொட்டை மாடி அறையில் மே மாதத்தைக் கழித்தவர்களுக்கு அந்தச் சூட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் மெஷினைப் பூட்டிக் கொடுத்தவர் 750 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி, போட்டிருந்தார். கார்டுக்கு 320 வாட், பிராசசருக்கு 100 சொச்சம், கூட்டிப் பார்த்தால் தாராளம். நானும் அதோடு விட்டுவிட்டேன். கார்டில் இரண்டு 8-பின் சாக்கெட். இரண்டுக்கும் ஒரே கேபிளில் இருந்து எடுத்திருந்தார், அதாவது எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒரு பிளக், கார்டு பக்கம் போகும்போது ஒரு வால் பிரிந்து இரண்டு பிளக் ஆகும் கேபிள். இன்னொரு தனிக் கேபிள் பெட்டியில் உறை பிரிக்காமலே கிடந்தது. உள்ளே ஒயர் குறைவாக, பார்க்க நேர்த்தியாக இருக்கும் என்று நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. 2023 மே மாதம், ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் மெஷின் அணைந்து கிடக்கும். முதலில் கரண்ட் போனதாக நினைத்தேன், ஆனால் யுபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் டிரைவரை மாற்றினேன், விண்டோஸைத் திரும்பப் போட்டேன், ராமைக் கழற்றி மாட்டினேன், இப்படியே இரண்டு வாரம் போயிற்று. ஒருநாள் பக்கத் தகட்டைத் திறந்து, ரெண்டர் ஓடும்போதே கேபிளை வெளியே இருந்து தொட்டேன். வெதுவெதுப்பு இல்லை, நல்ல சூடு. டீ கிளாஸைப் பிடித்தால் விரல் தானாக இடம் மாறுமே, அந்த அளவு.

மெஷினை அணைத்து, பவர் ஒயரைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டுக் கேபிளைக் கழற்றினேன். கார்டு பக்கம் சுத்தமாக இருந்தது, கோளாறு எஸ்எம்பிஎஸ் பக்கம். கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஓரத்து ஓட்டை ஒன்றின் விளிம்பு மட்டும் மெழுகு மாதிரி மழமழத்து லேசாக உப்பியிருந்தது. டார்ச் அடித்தால் மற்ற ஓட்டைகளில் உலோகம் பளபளக்கிறது, இது மட்டும் மங்கிப் பழுப்பேறிக் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை. பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

உட்கார்ந்து கணக்குப் போட்டதும்தான் விஷயம் புரிந்தது. 8-பின் பிளக்கில் எட்டு பின் இருந்தாலும் 12 வோல்ட் கொண்டு வருவது மூன்றுதான், மற்றவை கிரவுண்டும் (கரண்ட் திரும்பும் வழி) சென்ஸும் (பிளக் மாட்டியிருப்பதைக் கார்டுக்குக் காட்டுவது). விதிப்படி ஒரு 8-பின்னுக்கு 150 வாட், கார்டு செருகியிருக்கும் மதர்போர்டு ஸ்லாட்டுக்கு 75 வாட். 320 வாட்டில் ஸ்லாட்டின் பங்கு போக 250 வாட் கேபிள் வழியாக வருகிறது என்று வையுங்கள், அது ஏறத்தாழ 21 ஆம்பியர். எனக்கு அது முழுவதும் ஒரே கேபிளின் மூன்று ஒயரில் போனது, ஒயருக்கு 7 ஆம்பியர். கேபிள் இரண்டாக இருந்தால் 3.5. கரண்ட் பாதியானால் சூடு கால்வாசியாகும், ஏனென்றால் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. 18 கேஜ் தடிமன் ஒயரில் 60 செ.மீ. நீளத்துக்கு 7 ஆம்பியர் போனால் சுமார் 0.6 வாட் சூடாகும், 3.5 போனால் 0.15தான். 0.6 வாட் ஒன்றும் ஒயரை உருக்காது. ஆனால் ஒரு பின்னின் பிடி தளர்ந்தால் அந்தப் புள்ளியில் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடு அங்கேயே குவியும், சூட்டில் பிடி இன்னும் தளரும். வெளியே 43 டிகிரி அடிக்கும்போது அது ஆறவும் வழியில்லை. இதோடு 3080 ஒரு கண நேரத்துக்கு 320 வாட்டை வெகுவாகத் தாண்டித் துள்ளும் கார்டு. இந்த மாதிரித் துள்ளலுக்காகவே 2022-இல் வந்த, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதியில், எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். என்னுடையது அதற்கு முந்தையது.

உப்பிய பிளக்கை மறுபடி மாட்ட மனம் வரவில்லை. 850 வாட், ஏடிஎக்ஸ் 3.0 எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்து பெட்டியில் கிடந்த புதுக் கேபிள், புது எஸ்எம்பிஎஸ்ஸில் அச்சாகப் பொருந்தியது. பொருந்துகிறது என்று அதையே வைத்து ஆன் செய்திருந்தால் கார்டு போயிருக்கும். கார்டு பக்கப் பிளக்குக்குத்தான் பொது விதி உண்டு, எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த ஓட்டையில் 12 வோல்ட், எதில் கிரவுண்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் மாறும். மல்டிமீட்டரில் பார்த்தபோது என் இரண்டு கேபிளிலும் வரிசை வேறு வேறாக இருந்தது. எஸ்எம்பிஎஸ் மாற்றினால் அதன் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் போடுங்கள், பின்னால் ஒளித்துக் கட்டிய ஒயரைப் பிரிக்க எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சரி.

இரண்டு தனிக் கேபிள் போட்ட பிறகு வித்தியாசம் எண்ணிலேயே தெரிந்தது. கார்டின் அளவுகளைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் 8-பின் வோல்ட்டேஜ் முன்பு முழு லோடில் 11.6 வரை இறங்கும், இப்போது 11.9-க்குக் கீழே போவதில்லை. விதிப்படி 11.4 வரை தப்பில்லை, ஆகவே முன்பும் அது எல்லைக்குள்தான் இருந்தது. எண் எல்லைக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா பவர் பிளக்கில் இருந்து 8-பின் எடுக்கும் அடாப்டரை யாராவது கடையில் நீட்டினால் வாங்காதீர்கள். சாட்டா பவர் பிளக்கின் 12 வோல்ட் அளவே 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்.

போன வருடம் டெல்லி துவாரகாவில் இருக்கும் நாகர்கோவில் நண்பன் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வாங்கிவிட்டுக் கூப்பிட்டான். "மக்கா, இதுல ஒரே கேபிள்தான் போகுது, நீ ரெண்டு போடணும்னு சொன்னியே?" என்றான். நியாயமான கேள்வி. 4090-இல் 8-பின்னுக்குப் பதில் 16-பின் பிளக், அதில் 12 வோல்ட்டுக்கு ஆறு பின். 450 வாட்டுக்குப் பின் ஒன்றுக்கு 6.25 ஆம்பியர், பின் தாங்குவது 9.5. ஆனால் பிளக்கின் முழு அளவான 600 வாட்டில் 8.3 ஆகிவிடும். பழைய 8-பின்னில் 150 வாட்டுக்குப் பின் ஒன்றுக்கு 4.2தான், தாங்கும் சக்தியில் ஏறத்தாழ பாதி. அங்கே இருந்த தாராளம் இங்கே இல்லை, அதனால் பிளக் சரியாக உட்காராவிட்டால் மன்னிக்காது. 4090 வெளிவந்தது 2022 அக்டோபரில், அந்த மாதமே உருகிய பிளக் படங்கள் வந்தன. நவம்பரில் என்விடியா, தங்களுக்குத் தெரிந்து சுமார் 50 சம்பவம், முழுதாக அழுத்தி மாட்டாதது பொதுவாகக் காணப்படும் காரணம் என்றது. அடுத்து வந்த 12வி-2x6 என்ற திருத்திய 16-பின் வகையில் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள், பிளக் அரைகுறையாக இருந்தால் கார்டு கரண்ட் எடுக்காது. என் கருத்தைக் கேட்டால் இது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. நண்பன் வீட்டில் பிளக்கை அழுத்தியபோது கிளிக் சத்தம் கேட்கவே இல்லை, போன் டார்ச்சை அடித்து இடைவெளி இல்லை என்று நான்கு பக்கமும் பார்த்த பிறகுதான் ஆன் செய்யவிட்டேன். பிளக்கில் இருந்து 35 மி.மீ. வரை ஒயரை வளைக்காமல் விட்டோம், அதற்காகக் கேஸின் கண்ணாடியைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

என் 3080-க்கு ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட் 80 சதவீதம் வைத்திருக்கிறேன், 256 வாட். 41 நிமிட ரெண்டர் 43 ஆகிறது, ஒயரில் போகும் கரண்டும் அறைச் சூடும் நன்றாகவே குறைகின்றன. 2024 மே கடைசியில் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46 டிகிரியைத் தாண்டிய வாரத்திலும் மெஷின் ஒருமுறைகூட அணையவில்லை. இந்த ஜூனில் இரண்டு கேபிளையும் கழற்றி அதே டார்ச்சை அடித்துப் பார்த்தேன். எல்லா ஓட்டையிலும் உலோகம் ஒரே மாதிரி பளபளப்பு, வாடை எதுவும் இல்லை.