கினபாத்தாங்கானா, தெம்பிலிங்கா?

பள்ளி விடுமுறைக்குக் காட்டுக்குள் ஓடும் ஆறு ஒன்றைப் பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது இரண்டு பெயர்கள்தான் மிஞ்சின. மலேசியாவின் பகாங் மாநிலத்தில் ஓடும் தெம்பிலிங் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தது. இந்த முறை போர்னியோ தீவில் இருக்கும் சபா மாநிலத்தின் கினபாத்தாங்கான். மறுபடி போவதென்றால் எனக்குக் கினபாத்தாங்கான்தான்.

செலவும் தூரமும் குறைவு தெம்பிலிங்குக்குத்தான். கோலாலம்பூரிலிருந்து காலையில் காரில் கிளம்பினால் போதும். கினபாத்தாங்கானுக்கோ சண்டாக்கான் நகரம் வரை விமானம், அப்புறம் ஆற்றங்கரைக் கிராமமான சுக்காவ் வரை இரண்டரை மணி நேர வேன், சொந்த நாட்டுக்குள்ளேயே மைகார்டு என்ற அடையாள அட்டையைக் காட்டிக் குடிநுழைவுச் சோதனை வேறு.

பழமையும் தெம்பிலிங்குக்கே. கரையில் இருக்கும் தாமான் நெகாரா தேசியப் பூங்கா, ஆங்கிலேயர் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரைத் தாங்கியிருந்தது. பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். கோலா தெம்பிலிங்கிலிருந்து கோலா தாஹானுக்கு ஒடுங்கிய மரப்படகில் முழங்காலை மடக்கி மூன்று மணி நேரம் போனோம். அருமையான பயணம். ஆனால் கண்ணில் பட்டது ஒரு உடும்பும் சில பறவைகளும்தான். (தங்கியது இரண்டே இரவு. விலங்கு பார்க்கும் பும்புன் குடிலில் இரவைக் கழித்தவர்கள் வேறு கதை சொல்லக்கூடும்.)

என்னைப் பொறுத்தவரை விலங்கு கண்ணில் படுமா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. சுக்காவில் முதல் மாலையே படகோட்டி இன்ஜினை அணைத்தார். தலைக்கு மேல் கிளை சடசடவென்றது. பத்துப் பன்னிரண்டு நீள்மூக்குக் குரங்குகள். ஆணின் தொங்கும் மூக்கைப் பார்த்து மலாய்க்காரர்கள் வைத்த பெயர் மோஞெட் பெலாண்டா, அதாவது டச்சுக்காரக் குரங்கு. மறுநாள் இருவாச்சிகள், நீர் விளிம்பில் புல் மேய்ந்த ஒரு குட்டை யானை.

இது அதிர்ஷ்டம் அல்ல, இதற்குக் கசப்பான காரணம் உண்டு. வெட்டுமரத்துக்காகக் காட்டை அழித்தார்கள், பிறகு செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. 2005-இல் சரணாலயமாக அறிவித்த ஏறக்குறைய 26,000 ஹெக்டேரும் ஒரே காடு அல்ல, பத்துத் துண்டுகள். ஒதுங்க வேறு இடமில்லாததால் விலங்குகள் ஆற்றோரம் வருகின்றன. தெம்பிலிங்கில் காடு அகலம், அவை ஒளிந்துகொள்ளலாம். திரும்பும் வழியில் செம்பனைப் பழக்குலை லாரிகளை எண்ணிக்கொண்டே வந்த மகள், நாற்பதோடு நிறுத்திவிட்டாள்.

ஒரு குறை உண்டு. கினபாத்தாங்கானில் முதலைகள் இருப்பதால் குளிக்க முடியாது. தெம்பிலிங்கின் கிளையான தாஹான் ஆற்றில், லாத்தா பெர்க்கோ பாறைகளுக்கு நடுவே மணிக்கணக்கில் கிடக்கலாம். அதனால் மகனின் ஓட்டு இன்னும் தெம்பிலிங்குக்குத்தான்.