வகுப்பு முடிந்த பிறகு: நாட்குறிப்பா, சக ஆசிரியரா, செயற்கை நுண்ணறிவா?

ஓர் ஆசிரியர் தம் வகுப்பைத் தாமே சீர்தூக்கிப் பார்க்க இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: நாட்குறிப்பு, பின்வரிசையில் வந்து அமரும் சக ஆசிரியர், சாட்ஜிபிடி போன்ற உரையாடு செயலி, வகுப்பின் ஒலிப்பதிவைப் பகுத்து எண்ணித் தரும் கருவி. கடைசி இரண்டையும் செயற்கை நுண்ணறிவு என்ற ஒரே பெயரில் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவை இரண்டும் செய்யும் வேலை வேறு. கெடுக்கும் விதமும் வேறு.

பின்னங்கள் பற்றிய என் கணக்கு வகுப்பு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டேன். “நாலுதானே சார் பெரிசு, அப்ப நாலில் ஒண்ணுதான்” என்றான் ஒரு மாணவன். அன்று மாலை நாட்குறிப்பில் நான் எழுதியது இது: “பாடம் நன்றாகச் சென்றது. ஒருவனுக்கு மட்டும் சிறு குழப்பம், விளக்கியதும் தெளிந்தான்.” பிறகு ஒலிப்பதிவைக் கேட்டபோது கதை வேறாக இருந்தது. “இல்ல, நல்லா யோசி” என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே முன்வரிசையிலிருந்து ஒரு குரல் சரியான விடையைச் சொல்கிறது. “ஆ, சரி” என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறேன். அவன் குரல் அதன் பிறகு அந்த வகுப்பில் கேட்கவே இல்லை.

நாட்குறிப்பின் குறை இதில் தெளிவாகத் தெரிகிறது: நினைவு எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் அது வாங்கிக்கொள்ளும். கல்வியாளர் கிப்ஸ் 1988-இல் முன்வைத்த ஆறு படிநிலைச் சுழற்சியை (நிகழ்ந்ததை விவரித்தல், உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம்) ஒழுங்காகப் பின்பற்றினாலும், முதல் படியான விவரிப்பே பிழைபட்டிருந்தால் மற்ற ஐந்தும் அந்தப் பிழையின் மேல்தான் நிற்கும். ஆயினும் எரிச்சலையும் களைப்பையும் ஒளிக்காமல் எழுத அதைவிட நல்ல இடம் கிடையாது.

அதே நாட்குறிப்பை உரையாடு செயலியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அது என் வகுப்பைப் பார்க்கவில்லை. நான் சொன்னதை மட்டுமே நம்புகிறது. முதலில் பாராட்டியது, பிறகு குழுச் செயல்பாடு, படங்கள், அன்றாட எடுத்துக்காட்டுகள் என எந்த வகுப்புக்கும் பொருந்தும் ஏழு ஆலோசனைகளை அடுக்கியது. வகுப்பில் பேசப்பட்டதை அப்படியே எழுத்தாக்கிய எழுத்துப்படியையே கொடுத்தாலும் இந்தப் பழக்கம் முழுமையாகப் போவதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் தொடக்கநிலைக் கணித வகுப்புகளின் எழுத்துப்படிகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்து ஆலோசனை கேட்டபோது, அது சொன்னவற்றில் 82 விழுக்காடு அந்த ஆசிரியர்கள் அதே வகுப்பில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவையாக இருந்தன. பயிற்றுநர் ஒருவர் இப்படிப் பேசினால் அவரை மறுமுறை அழைப்போமா என்று தோன்றியது.

ஆனால் வேலையை மாற்றிக் கொடுத்தபோது அதே செயலி பயன்பட்டது. “ஆலோசனை வேண்டாம், பாராட்டும் வேண்டாம், நான் எழுதியதில் சான்றில்லாமல் சொல்லப்பட்டவை எவை என்று மட்டும் கேள்” என்றேன். “தெளிந்தான் என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்?” என்பது அதன் முதல் கேள்வி. பதிவைத் தேடிக் கேட்கவைத்தது அந்தக் கேள்விதான்.

ஒலிப்பதிவைப் பகுக்கும் கருவிகள் வேறு மரபிலிருந்து வருபவை. கல்வி ஆய்வாளர் ஃபிளாண்டர்ஸ் வகுத்த முறையில், வகுப்பறைப் பேச்சை 3 வினாடிக்கு ஒருமுறை 10 வகைகளில் ஒன்றாகக் குறித்துக்கொண்டே ஒருவர் அமர்ந்திருப்பார். வகுப்பு நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யாரோ பேசுகிறார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியரே பேசுகிறார் என்ற புகழ்பெற்ற கணக்கு அப்படிக் கிடைத்ததே. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடி அளவுக்கே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 வினாடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டியதும் இதே போன்ற பொறுமையான எண்ணிக்கையால்தான். அந்தப் பொறுமையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. 2021-இல் ஓர் இணையவழி நிரலாக்கப் படிப்பில் 1,000-க்கும் மேற்பட்ட தன்னார்வப் பயிற்றுநர்களைக் கொண்டு நடந்த ஆய்வில், இத்தகைய தானியங்கிப் பின்னூட்டம் பெற்றவர்கள் மாணவர் சொன்னதை எடுத்து அதன்மேல் பேச்சைக் கட்டுவது 13 விழுக்காடு கூடியது.

இருந்தாலும் அது இணைய வகுப்பு என்பதை மறக்கக் கூடாது. நாற்பது குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அறையில், அதுவும் இரு மொழிகள் கலந்த சிறுவர் பேச்சில், எழுத்துப்படி தடுமாறும். மௌனத்தின் நீளத்தை இயந்திரம் சரியாகச் சொல்லும். அது யோசிக்கும் மௌனமா, பயந்த மௌனமா என்று சொல்லாது.

அதைச் சொல்ல ஆள் வேண்டும். பயிற்றுநர் உடனிருந்து வழிகாட்டுவது பற்றிய 60 ஆய்வுகளை கிராஃப்ட், பிளேசர், ஹோகன் ஆகிய ஆய்வாளர்கள் 2018-இல் தொகுத்துப் பார்த்தபோது, கற்பிக்கும் முறையில் 0.49 திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு), மாணவர் அடைவில் 0.18 திட்டவிலக்கம் முன்னேற்றம் தெரிந்தது. வழிகாட்டும் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்தது. என் வகுப்பில் பின்வரிசையில் இருந்த சக ஆசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தப் பையன் அதுக்கப்புறம் நோட்டுல பேனாவே வைக்கலையே, பாத்தீங்களா சார்?” எந்த ஒலிப்பதிவிலும் அது இருக்காது. ஆனால் அவர் பருவத்துக்கு ஒருமுறை வருகிறார். மனம் நோகாமல் பேசப் பார்க்கிறார். அவரே மதிப்பெண் போடும் மேலதிகாரியாக இருந்தால் நான் வழக்கமான பாடத்தை விட்டு ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் நடத்துவேன். கருவி தரும் எண்கள் நிர்வாகத்தின் மேசைக்குப் போனாலும் இதே கதைதான்: 3 வினாடி காத்திருப்பது சடங்காகிவிடும்.

ஆகவே புதிதாகப் பணிக்கு வந்தவருக்குச் சக ஆசிரியரையே முதலில் பரிந்துரைப்பேன். எண்ணைப் படிக்கும் கண் அவருக்கு இன்னும் அமைந்திருக்காது. பல ஆண்டு அனுபவத்தில் பழக்கம் தடித்துப்போனவருக்கு ஒலிப்பதிவுக் கருவிதான் உறைக்கும். உரையாடு செயலியைத் தனியாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எழுத்துப்படி கையில் இருக்கும்போது கேள்வி கேட்க மட்டும் அழைக்கலாம். முழு வகுப்பையும் பதிவுசெய்யத் தேவையில்லை. கேள்வி பதில் நடக்கும் 10 நிமிடம் போதும். பிள்ளைகளின் குரல் என்பதால் பெற்றோர், பள்ளி ஆகியோரின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். பெயர்களை நீக்கிய பிறகே எழுத்துப்படியை வெளிச் செயலியில் இட வேண்டும். வேலை முடிந்ததும் பதிவை அழித்துவிட வேண்டும்.

அடுத்த வாரம் அதே கேள்வியை அதே மாணவனிடம் கேட்டு, ஒரு காகிதத்தையும் கொடுத்துவிட்டு, முன்வரிசையைக் கையமர்த்தினேன். “நாலா மடிச்சா சின்னதால்ல சார் வருது” என்று அவன் சொல்வதற்கு முன் பதிவில் இருந்த மௌனம் 11 வினாடி.