விமான தூரம் சொல்லும் செயலி: கிலோமீட்டரை நம்பலாம், மணிக்கணக்கை நம்ப வேண்டாம்

இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் செயலி ஒன்றை நாலு மாதமாகப் பயன்படுத்துகிறேன். தூரத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், நேரத்துக்குப் பாதிகூடத் தர மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டு அளக்காமல், பூமி உருண்டையின் மீது எது மிகக் குறுகிய வழியோ அதை எடுக்கிறது. நியூயார்க்–டோக்கியோ போட்டுப் பாருங்கள், கோடு பசிபிக் கடலுக்குக் குறுக்கே போகாமல் அலாஸ்கா பக்கம் ஏறி வளைந்து இறங்கும். ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன், அப்புறம் வீட்டிலிருக்கும் பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் அதுவும் அந்தப் பக்கமாகத்தான் போகிறது! ஒன்று மட்டும், ஊர்ப் பெயருக்குப் பதிலாக விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியைப் போடுங்கள். இல்லாவிட்டால் நகரத்தின் நடுவிலிருந்து அளக்கும். டோக்கியோவின் நரிட்டா நிலையமோ நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

நேரத்துக்கு வருவோம். லண்டன்–நியூயார்க் சுமார் 5,550 கிலோமீட்டர், 7 மணி 26 நிமிடம் என்றது. ஊர்களை இடம் மாற்றும் அம்புக்குறியைத் தட்டினேன். அதே 7 மணி 26 நிமிடம். தூரத்தை 800 ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுகிறது, அவ்வளவுதான். விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுகிறது, அதனால் அந்த வழியில் மேற்கே போக 8 மணி நேரம் வாக்கில் ஆகும், திரும்பி வர 7 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ போதும்.

இதில் நான் பட்டது: அப்பா கிழக்கு நோக்கிப் பயணம் செய்து வந்த அன்று, செயலி சொன்ன நேரத்தைப் புறப்பாட்டோடு கூட்டிக்கொண்டு கிளம்பினேன். விமானம் முக்கால் மணி நேரம் முன்னாலேயே இறங்கிவிட்டது. தள்ளுவண்டியில் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, போனில் சார்ஜும் இல்லாமல், வருகிற ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்தபடி வாசலில் நின்றிருந்தார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

காற்று மட்டும் இல்லை, வான்வெளித் தடைகளும் இதற்குத் தெரியாது. ஹெல்சின்கி–டோக்கியோ ரஷ்யாவுக்கு மேலாகப் பறந்தபோது ஒன்பதரை மணி நேரம் வாக்கில் ஆனது. 2022-இல் அந்த வான்வெளி மூடப்பட்ட பிறகு வட துருவத்தைச் சுற்றியும் தெற்கே வளைந்தும் 13 மணி நேரம் வரை போகிறார்கள். செயலியில் இன்னமும் 10 மணிச் சொச்சம்தான்.

சரி, நேரத்துக்கு என்ன செய்வது? டிக்கெட்டில் இருக்கும் புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிக் கழித்துப் பாருங்கள், ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடக்கம். செயலிக்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன், 'பறக்கும் நேரம்' என்ற இடத்தில் 'தோராயமாக' என்ற ஒரு சொல்லையாவது சேருங்கள் என்று. பதில் இன்னும் வரவில்லை.