கான்டாக்டரா, எஸ்எஸ்ஆரா: ஹீட்டர் பேனலுக்கு எது?

அம்பத்தூர் பட்டறையின் பெயின்ட் ஓவனுக்கும் பிளாஸ்டிக் எக்ஸ்ட்ரூடருக்கும் ஒரே மாதிரி பிஐடி கன்ட்ரோலர் (வெப்பத்தை அளந்து, ஹீட்டரைப் போட்டு அணைத்துக் குறித்த அளவில் வைக்கும் கருவி) வைக்கலாம். வித்தியாசம் அதன் அவுட்புட்டில். ரிலே அவுட்புட் என்றால் கான்டாக்டர் (காயில் காந்தமாகி இழுத்து முனைகளைச் சேர்க்கும் பெரிய சுவிட்ச்), 12 வோல்ட் டிசி பல்ஸ் என்றால் எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் முனை இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்). ரிச்சி தெருவில் வாங்கும்போதே மாடல் எண்ணில் இதைப் பார்த்துவிடுங்கள். ரிலே முனை வெறும் சுவிட்ச்தான், வோல்டேஜ் தராது. அதை எஸ்எஸ்ஆரின் டிசி முனையில் நேராகக் கொடுத்தால் ஹீட்டர் எரியாது.

கான்டாக்டர் மலிவு, அதிகம் சூடாகாது, எந்த எலக்ட்ரீஷியனும் அரைமணியில் மாற்றிவிடுவார். பிரச்சினை தேய்மானம். 20 விநாடி சுழற்சி (ஹீட்டர் ஒருமுறை போட்டு அணையும் நேரம்) வைத்தால் ஒரு நாளில் 4,320 முறை அடிக்கும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் சின்ன ரிலேவுக்கு முழுச் சுமையில் சுமார் 1 லட்சம் இயக்கம்தான் ஆயுள். அந்தக் கணக்கில் 23 நாள். அதன் மேல் கான்டாக்டரின் காயில் மட்டும் சுமை என்பதால் அதைவிட நீடிக்கும், ஆனாலும் அது தேயும் பொருளே. சுழற்சியை 30 முதல் 60 விநாடிக்கு ஏற்றுங்கள், மெதுவாகச் சூடாகும் ஓவன் அதைப் பொறுத்துக்கொள்ளும். காயிலின் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பர் (பொறியை அடக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி) கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை காயில் விடும்போதும் பொறி தெறித்து ரிலே முனை கருகும், சில கன்ட்ரோலர்கள் ரீசெட்டும் ஆகும்.

எக்ஸ்ட்ரூடரில் பிளாஸ்டிக் உருகும் குழாயான பேரலுக்கு எஸ்எஸ்ஆர்தான். 1 அல்லது 2 விநாடி சுழற்சியில் வெப்பம் ஆடாமல் நிற்கும். ஆனால் அது தானே சூடாகும் பொருள்: ஒரு ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்குச் சற்று மேல். 230 வோல்ட்டில் 6 கிலோவாட் ஹீட்டர் 26 ஆம்பியர் இழுக்கும். அதாவது பேனலுக்குள் 30 வாட் எரிந்துகொண்டே இருக்கும். சென்னை மே மாதத்தில் வெளியே 40 டிகிரி என்றால் தகரக் கூரைக்குக் கீழ் மூடிய பேனல் 50ஐத் தாண்டும். அந்த வெப்பத்தில் 40 ஆம்பியர் எஸ்எஸ்ஆரால் 40 ஆம்பியர் தாங்க முடியாது. ஹீட் சிங்க்கின் துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும், அடியில் தெர்மல் பேஸ்ட் மெல்லியதாகப் பூச வேண்டும், ஃபேன் ஃபில்டரை மாதந்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். எம்சிபி (தானே விழும் சர்க்யூட் பிரேக்கர்) மட்டும் எஸ்எஸ்ஆரைக் காப்பாற்றாது. அதைவிட வேகமாக அறும் செமிகண்டக்டர் ஃபியூஸ் போடுங்கள்.

பெரும்பாலும் எஸ்எஸ்ஆர் செத்தால் ஷார்ட்டாகிச் சாகும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கான்டாக்டரும் முனை ஒட்டிக்கொண்டால் அதேதான். ஆகவே எதை எடுத்தாலும், தனித் தெர்மோகப்பிளோடு (வெப்பம் அளக்கும் சென்சார்) ஒரு லிமிட் கன்ட்ரோலரும் (வெப்பம் எல்லை தாண்டினால் துண்டிக்கும் கருவி), அது விடுவிக்கும் தனி மெயின் கான்டாக்டரும் வேண்டும். லிமிட் கன்ட்ரோலருக்கே சப்ளை போனாலும் மெயின் கான்டாக்டர் விழும்படி நார்மலி ஓபன் முனையில் (சப்ளை இல்லாதபோது திறந்திருக்கும் முனை) இணையுங்கள். இன்னொன்று: அணைந்த எஸ்எஸ்ஆர் வழியாகவும் சில மில்லிஆம்பியர் கசியும். எம்சிபியை இறக்காமல் ஹீட்டர் முனையைத் தொடக் கூடாது.

சென்சார் வயரில் இரண்டுக்கும் ஒரே விதி. கே டைப் தெர்மோகப்பிளுக்குக் காம்பன்சேட்டிங் கேபிள்தான் (அந்தச் சென்சாருக்கு ஏற்ற உலோகத்தில் வரும் வயர்). பவர் கேபிளோடு ஒரே டிரங்கிங்கில் (வயர் ஓடும் பெட்டிக் குழாய்) விடாதீர்கள். செம்பு வயர் போட்டால், சென்சார் தலை 70, பேனல் முனை 45 எனில் சுமார் 25 டிகிரி குறைவாகக் காட்டும். தெர்மோகப்பிள் முனை தலைகீழானால் சூடு ஏற ஏற அளவு இறங்கும், கன்ட்ரோலர் இன்னும் சூடாக்கும்.

ஒப்படைக்கும் முன் லிமிட்டை செட் பாயின்ட்டுக்கு (கன்ட்ரோலரில் குறித்த வெப்பம்) 10 டிகிரி கீழே இறக்கி ஓட்டுங்கள். மெயின் கான்டாக்டர் டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் பேனல் கதவை மூடாதீர்கள்.