என் மரப் போவாவுக்குச் செய்து வாங்கிய கூண்டு

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு சின்னக் கடையில் சொல்லி, பிவிசி பலகைக் கூண்டு ஒன்றை 850 மலேசிய வெள்ளிக்குச் செய்து வாங்கி எட்டு மாதமாகிறது. அகலம் 90 சென்டிமீட்டர், ஆழம் 60, உயரம் 75. உள்ளே இருப்பது எமரால்ட் ட்ரீ போவா என்ற மரப் பாம்பு. செங்கல் நிறக் குட்டியாக வந்தது, இப்போது முழுப் பச்சை.

முதலில் கண்ணாடித் தொட்டியில்தான் வைத்திருந்தேன். மேலே மட்டும் வலை. குளிர் நாட்டுக்காரர்கள் சொன்னபடி விளக்கு போட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன். கோலாலம்பூரில் மதியம் என் அறையே 31 டிகிரி, ஈரத்துக்கும் பஞ்சமில்லை. உள்ளே காற்று தேங்கி, பாம்புக்குச் சளி பிடித்துவிட்டது. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு. மருத்துவர் மூன்று வாரம் ஊசி போட்டார். அந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவே இல்லை.

இந்தக் கூண்டில் ஒரு பக்கம் கீழேயும் மறுபக்கம் மேலேயும் சின்னச் சின்னத் துளைகள். இரவில் தெளிக்கும் தண்ணீர் காலைக்குள் காய்ந்துவிடுகிறது. தெளிப்பது அவசியம்தான். கிண்ணத்தை அது சீண்டுவதில்லை, தன் உடல் மடிப்பில் தேங்கும் துளிகளைத்தான் உறிஞ்சுகிறது. நான் கம்பி வலை கேட்டபோது கடைக்காரர், "வேணாம் தம்பி, மூக்கைத் தேய்ச்சுப் புண்ணாக்கிக்கும்" என்றார். அந்த அண்ணனுக்குப் பாம்பு தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது குறுக்குக் கொம்புதான். பாம்பின் உடல் பருமனுக்கு ஏற்ற கொம்பு, கொக்கியில் உட்கார்கிறது. சுருண்டு நடுவில் தலை வைத்திருக்கும் பாம்பைக் கொம்போடு அப்படியே தூக்கலாம். இழுத்துப் பிரிக்க வேண்டியதில்லை. விஷமில்லாவிட்டாலும் முன்பற்கள் நீளம், கடித்தால் ஆழமாக இறங்கும்.

குறை என்றால், சறுக்குக் கதவின் கீழ்த் தடத்தில் தண்ணீர் தங்கிப் பாசி பிடித்தது. சொன்னதும் இரண்டு வடிதுளை போட்டுத் தந்தார்கள், காசு வாங்கவில்லை. கூடவே வந்த பூட்டு லேசாக இருந்தது, வேறு மாற்றினேன்.

கடைப் பையன் வாரம் ஒரு எலி கொடுக்கச் சொன்னான். அதைக் கேட்காதீர்கள். இதற்குச் செரிமானம் மெதுவானது, அடிக்கடி கொடுத்தால் கக்கிவிடும். நான் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றுதான் கொடுக்கிறேன்.

செய்யச் சொல்பவர்கள் உயரத்தைக் குறைத்தாலும் அகலத்தைக் குறைக்காதீர்கள். அப்புறம், பாம்பு வாங்கும் முன்பே பெர்ஹிலித்தானில் (வனவிலங்குத் துறை) அனுமதி விஷயத்தைக் கேட்டு முடித்துவிடுங்கள்.