என் தலையில் கட்டிய 3117

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பின்சக்கர இழுவை கார் வைத்திருப்பவர்கள், டயர் மாற்றப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையை எந்தக் கடையிலும் செய்யலாம். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் போதும்.

என்னுடையது இரண்டு பேர் உட்காரும் கார். எஞ்சின் முன்னால், இழுவை பின்னால். முன் டயர் 225/45 ஆர்17, பின் டயர் 245/40 ஆர்17. அளவு வேறு வேறாக இருப்பதால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சரிக்கட்ட முடியாது. பின் டயர்தான் எப்போதும் முதலில் போகும். 2023 நவம்பரில் அவை இரண்டும் முடிந்துவிட்டன. முன் டயர்களின் கோடுகளில் இன்னும் 6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தது. சரி, பின்னால் இரண்டு மட்டும், முன்னால் இருக்கிற அதே மாடலில் வாங்கலாம் என்று கிளம்பினேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

"அந்த மாடல் இப்ப வர்றதே இல்லை சார்" என்றார் கடைக்காரர். (வருகிறது. அன்று ராத்திரியே போனில் தேடியிருந்தால் தெரிந்திருக்கும்.) "இதைப் போடுங்க, அதே சைஸ், பெரிய கம்பெனி. உங்க பழைய டயரைவிட டபுள் உழைக்கும்."

டபுள் உழைக்கும் என்ற வார்த்தையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 100 என்று வைத்த ஒரு சோதனை டயரோடு ஒப்பிட்டு, எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று சொல்வது அது. தயாரிப்பாளரே சோதித்துப் போட்டுக்கொள்கிற எண் என்பதால் ஒரு கம்பெனியின் 400-ஐயும் இன்னொன்றின் 400-ஐயும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனால் பெரிய வித்தியாசம் இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. என் முன் டயரில் 280. அவர் கொடுத்ததில் 500. ரப்பர் மெதுவாகத் தேய்கிறது என்றால் பெரும்பாலும் அது கடினமான கலவை. நிதானமாக ஓட்டும் குடும்ப செடானுக்கு அது நல்ல டயர்தான். பிடிப்பை நம்பி ஓட்டும் காருக்கு அல்ல.

அன்று எனக்கு இவ்வளவு ஓடவில்லை. தேதியை மட்டும் பார்க்க வேண்டும் என்று தெரியும், அதைக் கேட்டேன். ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் எண் வரிசையின் கடைசியில், சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் 1422. அதன் மேல் விரலை வைத்து, "2022-ல் 14-ஆவது வாரம். ஒன்றரை வருஷம்கூட முழுசா ஆகலை சார், புது மால்" என்றார். கணக்கில் ஒரு மாதம் அப்படி இப்படி, விட்டுவிடலாம். ஒன்றரை வருடம் ஒரு டயருக்கு ஒன்றுமே இல்லை. "இன்னொண்ணு?" என்றேன். "பையன் எடுத்துட்டு வர்றான், நீங்க உட்காருங்க."

உட்கார்ந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கார் ஜாக்கியில் ஏறியது. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. நான் ஏமாந்தது அந்த நிமிஷத்தில்தான்.

கழற்றிய பழைய டயர்களைப் பார்த்தபோது இரண்டிலும் உள்விளிம்பு கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் பாக்கி இருந்தது. அப்படித் தேய்ந்தால் பின்சக்கரங்களின் கேம்பரையும் (சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்வது) டோவையும் (முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் புது டயரும் அதே வழியில் போகும். நாலு சக்கர அலைன்மென்ட் கேட்டேன். "ஸ்டீயரிங் நேராத்தானே நிக்குது? முன்னாடி மட்டும் பார்த்தா போதும்." பில்லில் "245/40 ஆர்17 — 2" என்று ஒரே வரி. மாடல் பெயர் இல்லை, வேகக்குறி இல்லை, தேதி இல்லை.

மூன்றாம் நாள் மழை. ரவுண்டானாவில் இரண்டாம் கியர், வேகம் 40 இருக்கும். பாதியில் ஆக்சிலரேட்டரை லேசாகத்தான் தொட்டேன், பின்பக்கம் வெளியே விலகியது. டேஷ்போர்டில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு படபடவென்று மினுக்கியது, நான் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தேன், கார் நேரானது. பக்கத்து லேனில் ஆள் இல்லை. இருந்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதலில் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புது டயரின் மேல் அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசிய வழுக்கல் கொஞ்சம் ஒட்டியிருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகத்தான் போக வேண்டும். அது உண்மையும்கூட. 400 கிலோமீட்டர் தாண்டியும் ஈரம் கண்டால் அதே கதை. அதுவும் இடது பக்கம் திரும்பும்போது ஒரு மாதிரி, வலது பக்கம் திரும்பும்போது வேறு மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். இடது பின் டயரில் ஸ்பாஞ்சை ஓட்டியபோது விரலில் எழுத்து தட்டுப்பட்டது. துடைத்துப் பார்த்தால், இன்சைடு. உள்ளே இருக்க வேண்டிய பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது! வலது டயரில் ஒழுங்காக அவுட்சைடு. இது அசிமெட்ரிக் டயர். வெளித்தோளில் பெரிய கட்டிகள், வளைவில் பாரத்தைத் தாங்க. உள்பக்கம் தண்ணீரை வெளியேற்ற அதிகக் கோடுகள். ஒன்றைத் திருப்பி மாட்டினால் ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். காற்றடிப்பவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. கைத்தவறாக இருக்கும் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

ஈரத் தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, போன் டார்ச்சை உள்பக்கம் அடித்தேன். பல டயர்களில் தேதியோடு கூடிய முழு டாட் எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், மறுபக்கத்தில் தேதி இல்லாத பாதி எண். இந்த மாடலில் தேதி இருப்பது வெளிப்பக்கம். அது இப்போது உள்ளே திரும்பியிருக்கிறது. கண்ணுக்கு நேரே பிரேக் தூசி உதிர்ந்தது. ரிம் விளிம்பை ஒட்டி, 3117.

2017-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். வாங்கிய அன்றே 6 வயது. சில கார் கம்பெனிகள் 6 வருடத்தில், தேய்ந்தாலும் தேயாவிட்டாலும், டயரை மாற்றச் சொல்கின்றன. எனக்கு அந்த வயதில்தான் புதிதாக விற்றார்கள். மேலே பாலிஷ் போட்டுக் கருகருவென்று வைத்திருந்தார்கள், ரப்பர் முடிகள்கூட அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. ஓடாத டயரில் முடி எத்தனை வருடமானாலும் இருக்கும், அதைப் பார்த்து மயங்காதீர்கள்.

படுத்த படுக்கையில் மற்றதையும் படித்தேன். முன்னால் 91ஒய், பின்னால் 91வி. பாரக்குறி 91 ஒன்றுதான், சக்கரத்துக்கு 615 கிலோ. வேகக்குறி ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை, வி என்றால் 240. ஈரப்பிடிப்புத் தரம் முன்னால் ஏஏ (அதுதான் உச்சம்), பின்னால் ஏ. அந்தச் சோதனையும் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டும் அளப்பது, வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மறுநாள் கடைக்குப் போனேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "நீங்க என்ன 240-ல போகப் போறீங்களா சார்?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். போகப் போவதில்லைதான். ஆனால் வேகக்குறி டாப் ஸ்பீடு மட்டும் அல்ல. டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அதில் அடக்கம், கட்டுமானமும் அதற்கேற்ப மாறும். அதைவிட முக்கியம் முன்னும் பின்னும் ஒத்துப்போவது. முன்னால் மென்மையான ரப்பர் சாலையைக் கவ்விப் பிடிக்கிறது, பின்னால் கடினமான ரப்பர் வழுக்குகிறது என்றால், திருப்பும்போது மூக்கு உள்ளே போகும், வால் வெளியே போகும். முன் டயர் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கும்போது சட்டென்று காலை எடுத்தால் இன்னும் மோசமாகும். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் நல்லதைப் பின்னால் போடச் சொல்வது இதனால்தான். நான் காசு கொடுத்து மோசமானதைப் பின்னால் போட்டுக்கொண்டேன்.

டயரைத் திருப்பி மாட்டித் தருகிறேன் என்றார், இலவசமாக. பெரிய மனசு. தேதியைப் பற்றிக் கேட்டதும், "மாட்டியாச்சு, ஓட்டியாச்சு, இனி எப்படி சார் திருப்பி எடுக்கறது? பில்லுல தேதி போட்டிருக்கா?" போடவில்லையே.

பணம் போனது போனதுதான். வேறு கடையில், வரவில்லை என்று சொன்ன அதே மாடலில் பின்னால் இரண்டு வாங்கினேன். இந்த முறை டயர்கள் மெஷினுக்குப் போகும் முன் இரண்டையும் என் காலடியில் படுக்க வைக்கச் சொல்லி, இரு பக்கமும் புரட்டி, போட்டோ எடுத்து, மாடல், 91ஒய், இரண்டு தேதி எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொன்னேன். எழுதித் தந்த பையன் சிரித்தான். சிரிக்கட்டும். நாலு சக்கர அலைன்மென்ட்டில் பின்சக்கர டோ இரண்டு பக்கமும் அளவை மீறி வெளியே இருந்தது தெரிந்தது. சக்கர போல்ட்டுகளை ஏர் கன்னால் இறுக்கி முடிக்காமல் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடித்தார்கள். பழைய கடையில் அதையும் கவனிக்கத் தவறியிருக்கிறேன், ஒரு போல்ட்டைக் கழற்ற இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது.

கழற்றிய இரண்டும் இப்போது கார் ஷெட்டின் மூலையில் சாய்ந்து நிற்கின்றன. தெரிந்தவர் ஒருவர் வந்து, நல்லா புதுசா இருக்கே, கொடுத்துடேன் என்றார். 1422-ஐ வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மற்றதன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் 3117 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.